கம்பியை இணைத்தால் இளகும் கல்

பீங்கான் உணரிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தகவல் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி கிடைத்தது. பொருளின் பெயர் பிஇசட்டி-5ஏ. ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் மூன்றும் ஆக்சிஜனோடு சேர்ந்த ஒருவகைப் பீங்கான். அடுப்பு பற்றவைக்க 'டிக்' என்று அழுத்துகிறோமே, அந்த காஸ் லைட்டருக்குள் இருப்பதும் இதன் சொந்தக்காரப் பொருள்தான். தாளில் அடர்த்திக்கு ஒரு எண் போட்டிருந்தார்கள். விறைப்புக்கு மட்டும் இரண்டு. ஒன்று சுமார் 53 ஜிகா பாஸ்கல். மற்றது சுமார் 106.

விறைப்பு என்று நான் இங்கே சொல்வது ஒரு பொருளை அழுத்தினால் அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதை. ரப்பர் சட்டென்று குறுகிவிடும், எஃகு லேசில் குறுகாது. ஒரு பொருளுக்கு ஒரு விறைப்பு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அலுமினியம் என்றால் சுமார் 70, எஃகு என்றால் சுமார் 200, அவ்வளவுதான். இங்கே பார்த்தால் ஒரே துண்டு, ஒரே திசை, ஒரே வெப்பநிலை. ஒரு கணக்கில் அலுமினியத்தைவிட இளக்கம், இன்னொரு கணக்கில் அலுமினியத்தைவிட முரடு.

அச்சுப்பிழை இல்லை. பீங்கானின் மேல்முகத்தையும் கீழ்முகத்தையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு அழுத்தினால் 53. கம்பியைக் கழற்றிவிட்டு அழுத்தினால் 106. வெறும் கம்பி. பேட்டரி கிடையாது, மின்சாரம் எதுவும் நாம் கொடுக்கவில்லை. இது எப்படி என்பது ஒரு கேள்வி. இதை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்துப் புரிந்துகொண்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியின் வழியாகப் போனால் முதல் கேள்விக்கு விடை தானாகக் கிடைத்துவிடுகிறது.

இலங்கையிலிருந்து போன கல்

கதை ஐரோப்பாவில் நடக்கிறது என்றாலும் முதல் கல் நம் பக்கத்திலிருந்து போனதுதான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஒரு ரத்தினக் கல்லை ஹாலந்துக்குக் கொண்டுபோனார்கள். டூர்மலின் என்ற பெயரே சிங்களத்தின் 'தோரமல்லி' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கல்லைச் சுடு சாம்பலில் போட்டால் முதலில் சாம்பலை இழுக்கும், பிறகு தள்ளிவிடும். டச்சுக்காரர்கள் அதற்கு 'சாம்பல் இழுப்பான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1717இல் பாரிஸ் அகாதெமியில் லெமெரி இந்தக் கல்லைப் பற்றிப் பேசினார். 1756இல் ஏபினுஸ் இது மின்சாரம்தான் என்று காட்டினார். சூடாக்கும்போது கல்லின் ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை எதிர்மின்னும் பெறுகின்றன.

சூடு கல்லுக்கு மின்னேற்றம் தருகிறது. சரி, அழுத்தம் தருமா? இந்தக் கேள்வி பலருக்கும் தோன்றியது. பாரிஸில் அயூயி என்ற படிகவியலாளரும் அந்த்வான் பெக்கரெலும் முயன்று பார்த்தார்கள். ஆனால் உரசினால் வரும் மின்னும் அழுத்தினால் வரும் மின்னும் அவர்களுடைய சோதனைகளில் கலந்துபோயின. தெளிவான பதில் வர 1880 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டு சகோதரர்கள்

அந்தப் பதிலைக் கொண்டுவந்தவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி. பியருக்கு வயது 21. ஜாக் சோர்போனில் ஷார்ல் ஃப்ரீடல் என்பவரின் கனிமவியல் ஆய்வகத்தில் உதவியாளர். மேரி கியூரி பாரிஸுக்கு வருவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது.

இவர்கள் கண்மூடித்தனமாக எல்லாக் கல்லையும் அழுத்திப் பார்க்கவில்லை. சூட்டினால் மின்னேறும் படிகங்களுக்கு ஒரு பொது குணம் உண்டு. ஒரு முனையும் எதிர்முனையும் ஒரே மாதிரி இருக்காது, சமச்சீர் இல்லாத படிகங்கள். அப்படியானால் அந்தச் சமச்சீர் இல்லாத திசையில் வெட்டி அழுத்தினால்தான் மின் வரும் என்று யோசித்தார்கள். படிகத்தைச் சரியான திசையில் வெட்டி, இரு முகத்திலும் வெள்ளீயத் தகடு ஒட்டி, மின்னளவியோடு இணைத்து, நெரித்தார்கள். மின்னளவி அசைந்தது. நெரிசலைத் தளர்த்தினால் எதிர்ப்பக்கம் அசைந்தது. டூர்மலின், குவார்ட்ஸ், டோபாஸ், ரோஷெல் உப்பு, ஏன், சாதாரண கரும்புச் சர்க்கரைப் படிகம்கூட இந்த வேலையைச் செய்தது. அடுத்த வருஷம் ஹாங்கல் என்ற ஜெர்மானியர் இதற்குக் கிரேக்கத்திலிருந்து பெயர் எடுத்தார். பீசோ என்றால் அழுத்துவது. தமிழில் 'அழுத்தமின் விளைவு' என்கிறோம்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். கியூரி சகோதரர்கள் கேட்டது ஒருவழிக் கேள்வி. அழுத்தினால் மின் வருமா? வரும். மின் கொடுத்தால் படிகம் அசையுமா என்ற மறுவழிக் கேள்வியை அவர்கள் 1880இல் எழுப்பவில்லை. அதை எழுப்பியவர் வேறொருவர். அவர் படிகத்தைத் தொட்டுப் பார்க்காமலேயே விடையையும் சொல்லிவிட்டார்.

பாதரசத் துளி படித்தவர்

கேப்ரியல் லிப்மன். 1908இல் வண்ணப் புகைப்படத்துக்காக நோபல் பரிசு வாங்கிய அதே லிப்மன். ஆனால் அவரைப் புரிந்துகொள்ள 1870களின் தொடக்கத்தில் ஹைடல்பெர்க் போக வேண்டும்.

அங்கே கூனே என்ற உடலியல் பேராசிரியர் அவருக்கு ஒரு வேடிக்கை காட்டினார். ஒரு பாதரசத் துளி, அதன்மேல் நீர்த்த கந்தக அமிலம். ஓர் இரும்புக் கம்பியால் துளியைத் தொட்டால் அது சுருங்கும். கம்பியை எடுத்தால் பழையபடி பரவும். பார்த்தவர்களுக்கு அது தசை துடிப்பது மாதிரி இருந்திருக்கும். உடலியல்காரர் அதைக் காட்டியதில் ஆச்சரியமில்லை. லிப்மன் அதில் வேறொன்றைக் கண்டார். கம்பி தொடும்போது பாதரசத்துக்கும் அமிலத்துக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் மாறுகிறது. அது மாறினால் பாதரசத்தின் பரப்பு இழுவிசை மாறுகிறது. துளியின் 'தோல்' இறுகுவதும் தளர்வதும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது.

அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. அதன் மறுபக்கத்தையும் செய்து பார்த்தார். பாதரசப் பரப்பைக் கையால் விரித்தால், சுருக்கினால், மின்சாரம் வந்தது. மின்னழுத்தம் பரப்பை மாற்றும் என்றால், பரப்பை மாற்றினால் மின்னழுத்தமும் மாறியாக வேண்டும். ஒரு கதவு ஒருபக்கம் திறந்தால் மறுபக்கமும் திறக்கும் என்பதுபோல. 1875இல் அவருடைய முனைவர் ஆய்வே இதைப் பற்றியதுதான். இந்த வேலையிலிருந்து பிறந்த நுண்குழாய் மின்னளவி மிகச் சிறிய மின்னழுத்தங்களை அளந்தது. 1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத் துடிப்பின் மின்பதிவை முதன்முதலாக எடுத்தது அந்தக் கருவியால்தான்.

ஆக, 1880இல் கியூரி சகோதரர்களின் அறிவிப்பு வந்தபோது, மறுபக்கத்தைப் பற்றி யோசிக்க லிப்மனைவிடப் பொருத்தமான ஆள் பாரிஸில் இருந்திருக்க முடியாது. 1881இல் மின்னூட்டம் அழியாது, ஆற்றல் அழியாது என்ற இரண்டையும் வைத்து அவர் கணக்குப் போட்டார். அழுத்தினால் மின்னேறும் படிகம், மின்னழுத்தம் கொடுத்தால் உருமாறியே தீர வேண்டும். அதுமட்டுமல்ல, எவ்வளவு உருமாறும் என்பதையும் நேர்விளைவின் அளவிலிருந்தே சொல்லிவிடலாம்.

கியூரி சகோதரர்கள் அதே ஆண்டில் இதைச் சோதித்தார்கள். லேசான வேலை இல்லை. குவார்ட்ஸின் இரு முகத்துக்கும் இடையே 1000 வோல்ட் கொடுத்தாலும் தடிமன் மாறுவது ஒரு மீட்டரில் நூறு கோடியில் இரண்டு பங்கு சொச்சம். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. அவர்கள் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார்கள். ஒரு படிகத்தை விரியவிடாமல் இறுக்கிப் பிடித்து, அது தள்ளும் விசையை இன்னொரு அழுத்தமின் படிகத்தின்மேல் விழவைத்து, அந்த இரண்டாவது படிகம் தரும் மின்னை அளந்தார்கள். தாங்கள் கண்டுபிடித்த விளைவையே அளவுகோலாக்கி, அதன் மறுவிளைவை அளந்தார்கள். லிப்மனின் கணக்கு சரியாக இருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்

இப்போது தகவல் தாளின் இரண்டு எண்களுக்கு வரலாம். நேர்விளைவு ஒன்று, மறுவிளைவு ஒன்று. இரண்டும் ஒரே துண்டில், ஒரே நேரத்தில் நடந்தால்?

படிகத்தை அழுத்துகிறேன். முகங்களில் மின்னூட்டம் சேர்கிறது. கம்பி இல்லையென்றால் அந்த மின்னூட்டத்துக்குப் போக்கிடம் கிடையாது. அங்கேயே நின்று மின்னழுத்தமாகிறது. அந்த மின்னழுத்தம், லிப்மன் சொன்னபடி, படிகத்தை உருமாற்றப் பார்க்கும். எந்தத் திசையில்? நான் அழுத்துவதற்கு எதிராக. வேறு எப்படியும் இருக்க முடியாது. என்னோடு சேர்ந்து அதுவும் படிகத்தைக் குறுக்கினால், மேலும் மின் வரும், மேலும் குறுகும், படிகம் தானாக நசுங்கிப்போகும். அப்படி ஒரு பொருள் உலகத்தில் நிலைக்காது. ஆகவே படிகம் தான் உண்டாக்கிய மின்னழுத்தத்தைக்கொண்டே என்னைத் தடுக்கிறது. அதைத்தான் கூடுதல் விறைப்பாக நான் உணர்கிறேன்.

கம்பியை இணைத்தால் மின்னூட்டம் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு ஓடிச் சமன்செய்துவிடும். மின்னழுத்தம் எழவே எழாது. தடுக்க ஆளில்லை. படிகம் இளகுகிறது.

சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் கைப்பிடி எதிர்த்துத் தள்ளும். விரலை எடுத்தால் சுலபமாக இறங்கிவிடும். கழற்றிய கம்பி என்பது அடைத்த வாய். இணைத்த கம்பி என்பது திறந்த வாய். பம்பில் காற்றழுத்தம், இங்கே மின்னழுத்தம். நம் பாடப்புத்தகக்காரர்கள் 'பொடென்ஷியல்' என்ற சொல்லுக்கு 'மின்னழுத்தம்' என்று பெயர் வைத்தபோது இந்தப் படிகத்தை மனதில் வைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தச் சொல் இதைப்போல அப்படியே பொருந்தும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எவ்வளவு விறைக்கும் என்பது ஒரே எண்ணில் அடங்கும். நாம் கையால் செலுத்தும் ஆற்றலில் எத்தனை பங்கு மின்னாற்றலாக மாறுகிறது என்பதே அந்த எண். குவார்ட்ஸில் அது நூற்றில் ஒன்று அளவுதான். ஆகவே கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விறைப்பில் ஒரு சதவீதம்தான் வித்தியாசம். நான் பார்த்த பீங்கானில் ஏறக்குறைய பாதி ஆற்றல் மின்னாகிறது. அதனால்தான் கம்பியை இணைத்தால் விறைப்பு பாதியாகிறது.

ஃபோக்டின் கணக்குப் புத்தகம்

விளக்கிச் சொன்னால் இது எளிது. ஆனால் படிகத்தை ஒரு திசையில் மட்டும் அழுத்துவதில்லை. முறுக்கலாம், சாய்க்கலாம், மின்னழுத்தத்தை வேறு திசையில் வைக்கலாம். எதற்கு எது எதிர்வினை என்ற கணக்கு தலைசுற்றும். அதை ஒழுங்குபடுத்தியவர் கோட்டிங்கனில் இருந்த வோல்டெமார் ஃபோக்ட். 1890களில் தொடங்கி, 1910இல் வெளிவந்த ஏறக்குறைய ஆயிரம் பக்கப் படிக இயற்பியல் நூலில் அதை முடித்தார். மொத்தம் 32 படிக வகுப்புகள், அவற்றில் அழுத்தமின் விளைவுக்கு இடமுள்ளவை 20 என்று வரையறுத்தார். 'டென்சர்' என்ற சொல்லை இன்றைய பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

ஃபோக்டின் சமன்பாடுகளில் விறைப்பு எண்ணோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. மின்புலத்தை மாறாமல் பிடித்தால் இந்த விறைப்பு, மின்னூட்டத்தை நகரவிடாமல் பிடித்தால் அந்த விறைப்பு. வெப்பத்தில் இது முன்பே தெரிந்த சங்கதி. காற்றில் ஒலியின் வேகத்தை நியூட்டன் கணக்கிட்டபோது விடை குறைவாக வந்தது. ஒலி அழுத்தும்போது காற்று சூடாகிறது, அந்தச் சூடு வெளியேற நேரமில்லை, அதனால் காற்று நினைத்ததைவிட விறைப்பாக நடந்துகொள்கிறது என்று பிறகு லாப்லாஸ் திருத்தினார். சூடு தப்பிக்கும் வழி அடைபட்டால் காற்று விறைக்கிறது. மின்னூட்டம் தப்பிக்கும் வழி அடைபட்டால் படிகம் விறைக்கிறது. இரண்டும் ஒரே தர்க்கம்.

ஆனால் குவார்ட்ஸில் வித்தியாசம் ஒரு சதவீதம்தானே? பெரும்பாலானவர்களுக்கு அது ஏட்டில் இருந்த சங்கதியாகவே இருந்திருக்கும். அதை ஏட்டிலிருந்து இறக்கியது ஒரு பேதி மருந்து.

ரோஷெல் உப்பு செய்த கலாட்டா

17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லா ரோஷெல் ஊரில் செனியெத் என்ற மருந்துக்காரர் வயிற்றைக் கழுவ விற்ற உப்புதான் ரோஷெல் உப்பு. கியூரி சகோதரர்கள் சோதித்த படிகங்களில் அதுவும் ஒன்று. குவார்ட்ஸைவிடப் பல மடங்கு மின் தரும். தண்ணீர் பட்டால் கரையும், சூடு பட்டால் கெடும், ஆனாலும் மின் தருவதில் அதை மிஞ்ச அப்போது ஆளில்லை. பழைய கிராமபோன்களின் படிக ஊசித் தலைகளிலும் மைக்குகளிலும் இருந்தது இதுதான்.

1920இல் மினசோட்டாவில் ஜோசஃப் வலாசெக் இந்த உப்பில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். இரும்பு காந்தத்தை நினைவில் வைத்திருப்பதுபோல இது மின்புலத்தை நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் குணம் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய்விடுகிறது. அந்த வெப்பநிலைக்குப் பக்கத்தில் எல்லாமே தாறுமாறு. விறைப்பும்தான். ஒரு குறிப்பிட்ட வகைச் சாய்வுக்கு இந்தப் படிகம் 24 டிகிரியை நெருங்க நெருங்கக் குழைந்துகொண்டே போகிறது. ஒரு திடப்பொருள் உருகாமலேயே ஒரு திசையில் மட்டும் பிடிமானத்தை இழக்கிறது என்றால் என்ன சொல்வது?

இங்கேதான் கம்பி தன் வேலையைக் காட்டியது. 1930களின் இறுதியில் பெல் ஆய்வகத்தில் வாரன் மேசன் இந்த உப்பை அதிரவைத்து அளந்தார். எம்ஐடியில் ஹான்ஸ் முல்லர் 1940இல் கோட்பாட்டைத் தெளிவாக்கினார். முகங்களில் உலோகம் பூசி இணைத்த படிகம் 24 டிகிரியில் குழைகிறது. உலோகம் பூசாத, மின்னூட்டம் நகர முடியாத அதே படிகம் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காததுபோல இருக்கிறது. ஒரே வெப்பநிலை, ஒரே உப்பு. ஒன்று துவள்கிறது, மற்றது விறைத்து நிற்கிறது.

இதன் அர்த்தம் பெரிது. குழைவது படிகத்தின் எலும்புக்கூடு இல்லை. எலும்புக்கூடு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வெப்பநிலையில் தறிகெட்டு அலைவது உள்ளே இருக்கும் மின்முனைவு. கம்பி இணைந்திருந்தால் அந்த அலைச்சல் விறைப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. கம்பியைக் கழற்றினால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. மின்நிலை இன்னது என்று குறிக்காமல் இரண்டு பேர் இந்த உப்பின் விறைப்பை அளந்தால் இரண்டு எண்கள் வரும். இரண்டு பேருமே சரியாகத்தான் அளந்திருப்பார்கள். அவர்கள் கேட்ட கேள்விதான் வேறு வேறு.

கைக்கடிகாரத்துக்குள் ஒரு திருகு

சரி, ஒரு சதவீதம் மாறும் குவார்ட்ஸை மறந்துவிடலாமா? கூடாது. நேரம் காட்டுவது அதுதான்.

முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க, பியர் கியூரியின் மாணவரான போல் லான்ஷவேன் 1917இல் குவார்ட்ஸ் துண்டுகளை எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்துக் கடலுக்குள் கேளா ஒலியை அனுப்பினார். அதே போர்க்கால வேலையில் அமெரிக்காவில் இறங்கியவர் கனெக்டிகட் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேடி. படிகத்தை மின்னால் அதிரவைத்தபோது, அதன் இயல்பான அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் மின்சுற்றே விநோதமாக நடந்துகொள்வதை அவர் கவனித்தார். படிகத்தின் இயக்கம் மின்சுற்றுக்குத் தெரிகிறது. அப்படியானால் மின்சுற்றை வழிநடத்தப் படிகத்தையே வைத்துக்கொள்ளலாமே? 1920களின் தொடக்கத்தில் அவர் செய்த குவார்ட்ஸ் ஒத்ததிர்வி வானொலி நிலையங்களை அவரவர் அலைவரிசையில் நிறுத்தியது. 1927இல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் அதைக் கடிகாரமாக்கினார். கேடி, தன் நூறாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், 1974 டிசம்பரில் காலமானார். அதற்குள் அவருடைய படிகம் கைக்கடிகாரத்துக்குள் வந்துவிட்டது.

கடிகாரத்தில் இருப்பது நுண்ணிய இசைக்கவை வடிவக் குவார்ட்ஸ். நொடிக்கு 32,768 முறை அதிரும். இசைக்கவையின் சுருதி எதைப் பொறுத்தது? எடை, விறைப்பு, இரண்டே. செய்துமுடித்தபின் எடையை மாற்ற முடியாது. விறைப்பை மாற்றலாம். எப்படி? கம்பியை முழுதாக இணைத்தால் ஒரு விறைப்பு, முழுதாகக் கழற்றினால் இன்னொன்று. நடுவில் ஒரு மின்தேக்கியை வைத்தால் மின்னூட்டம் கொஞ்சம் போகும், கொஞ்சம் போகாது. விறைப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பம்பின் வாயை விரலால் பாதி மூடுவதுபோல.

பழைய குவார்ட்ஸ் கடிகாரங்களின் பின்மூடியைத் திறந்தால் பலவற்றில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பினால் மாறுவது ஒரு மின்தேக்கியின் அளவு. அதனால் மாறுவது படிகத்தின் விறைப்பு, அதனால் சுருதி, அதனால் நேரம். ஒரு நாளைக்கு ஒரு நொடி தவறு என்றால் அது பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு. அந்தத் திருகால் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள் வரை மாற்ற முடியும். அது போதும். கடிகாரம் நாளைக்கு ஒன்றிரண்டு நொடி வேகமாகப் போகிறது என்று கொடுத்தால், ரிப்பேர்காரர் நுனித் திருப்புளியால் லேசாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் சரிசெய்தது ஒரு கல்லின் விறைப்பை.

விறைப்பை வேலைக்கு வைத்தவர்கள்

1940களில் அமெரிக்கா, சோவியத் நாடு, ஜப்பான் மூன்றிலும் தனித்தனியாக பேரியம் டைட்டனேட் பீங்கான் கண்டுபிடிக்கப்பட்டது. 1950களில் ஜப்பானில் நடந்த ஆய்வுகளைத் தொடர்ந்து, அமெரிக்கத் தர நிர்ணய அலுவலகத்தில் பெர்னார்ட் ஜாஃபி குழுவினர் பிஇசட்டி பீங்கானின் அழுத்தமின் வலிமையை வெளிக்கொண்டுவந்தார்கள். சுட்ட பீங்கானைச் சூடான எண்ணெயில் வைத்து, மில்லிமீட்டருக்கு சில ஆயிரம் வோல்ட் மின்புலம் கொடுத்தால் உள்ளே இருக்கும் மின்முனைகள் ஒரு திசையில் திரும்பிக்கொள்ளும். அதற்குப் பிறகு அதை அழுத்தினால் பாதி ஆற்றல் மின்னாகும்.

ஒரு சதவீதம் ஐம்பது சதவீதமானதும், விறைப்பு மாறுவது பொறியாளர்களுக்கு ஒரு கருவியாகிவிட்டது. 1979இல் ஹியூஸ் ஆய்வகத்தின் ராபர்ட் ஃபார்வர்ட், அதிரும் ஒரு கட்டமைப்பில் பீங்கானை ஒட்டி, அதன் கம்பிகளை ஒரு மின்சுற்றோடு இணைத்து அதிர்வை அடக்கிக் காட்டினார். இவர் அறிவியல் புனைகதைகளும் எழுதியவர். கம்பியின் நடுவே ஒரு மின்தடையை வைத்தால் என்ன ஆகும்? அதிர்வு பீங்கானை அழுத்தும், மின்னூட்டம் தடையின் வழியே தத்தித்தத்தி ஓடும், ஆற்றல் சூடாக வெளியேறும். 1991இல் எம்ஐடியில் ஹாகூடும் ஃபான் ஃப்ளோட்டோவும் இதற்கு முறையான கணக்கு எழுதினார்கள். 1990களிலேயே பனிச்சறுக்குப் பலகைகளில் இது விற்பனைக்கு வந்தது.

அடுத்த யோசனை இன்னும் அழகு. ஊஞ்சல் நடுவிலிருந்து விலகிப்போகும்போது கம்பியைக் கழற்று. பொருள் விறைப்பாக நின்று எதிர்க்கும். உச்சியை எட்டியதும் கம்பியை இணை. சேர்ந்திருந்த மின்னாற்றல் அங்கேயே தீர்ந்துபோகும். திரும்பி வரும்போது பொருள் இளக்கம், தள்ள வலுவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் ஆற்றல் போய்விடும். ஒரு சுவிட்சைச் சரியான நேரத்தில் தட்டினால் போதும், அதிர்வு அடங்கும். 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு படி தாண்டினார்கள். மின்தேக்கிக்கு நேரெதிராக நடந்துகொள்ளும் ஒரு மின்னணுச் சுற்றை நெகிழித் தாளோடு இணைத்து, கம்பி தரும் இரண்டு எல்லைகளுக்கும் அப்பால் விறைப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று காட்டினார்கள். இதில் பொருள் மாறவே இல்லை. சுற்று மட்டும்தான் மாறியது.

இத்தனைக்கும் அடியில் இருப்பது 1881இல் லிப்மன் போட்ட அதே கணக்குதான். ஒருவழியாகத் தெரிந்ததை மறுவழியாகக் கேட்டது. ஆனால் இரண்டு வழியையும் ஒரே துண்டில் சேர்த்துப் பார்த்தபோதுதான், நாம் 'பொருளின் குணம்' என்று எழுதிவைக்கும் எண்ணுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருப்பது தெரிந்தது. விறைப்பு எவ்வளவு என்று யாராவது கேட்டால், எதைத் திறந்துவைத்து, எதை அடைத்துவைத்து அளந்தீர்கள் என்று திருப்பிக் கேட்பதில் தப்பில்லை. அழுத்தமின் பொருள்களுக்கான தகவல் தாள்களில் விறைப்பு எண்ணின் தலையில் ஒரு குட்டி எழுத்து இருக்கும். அந்த எழுத்து இல்லாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எலும்பும் அழுத்தினால் மின் தரும் என்று 1957இல் ஜப்பானில் ஃபுகாடாவும் யசூடாவும் காட்டினார்கள். அது தனிக்கதை. இன்னொரு பதிவில் பார்க்கலாம்.